ரேடியேட்டர் பழுதும் பழுதுச்செலவும்: ஓசூர் – அஞ்செட்டி மலைச்சாலையை முன்வைத்து ஒரு வரலாறு

ரேடியேட்டர் என்பது மோட்டார் வாகன இன்ஜினில் உண்டாகும் மிகை வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் கருவி ஆகும். வாகனத்தின் முன்புறக் கம்பிவலைக்குப் பின்னால் இது பொருத்தப்பட்டிருக்கும். விலையில் இது இன்ஜினின் ஒரு சிறு பங்கே. ஆனால் இது பழுதானதை ஓட்டுநர் உரிய நேரத்தில் அறியாவிட்டால் இன்ஜினே பழுதாகிவிடும். கார் உரிமையாளர்கள் "ரேடியேட்டர் செலவு" என்று சொல்லும் பெருந்தொகையில் பெரும்பகுதி, உண்மையில் ரேடியேட்டருக்கு ஆன செலவு அன்று. அது தாமதத்துக்கு ஆன செலவு. ரேடியேட்டரின் நூற்றுமுப்பது ஆண்டு வரலாறும், ஓசூரிலிருந்து அஞ்செட்டி வரை செல்லும் மலைச்சாலையும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

அஞ்செட்டிச் சாலை

அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர். தேன்கனிக்கோட்டை வட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவான அஞ்செட்டி வட்டத்தின் தலைமையிடமும் இதுவே. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் இப்பகுதியில் பேசப்படுகின்றன. இப்பகுதி முன்பு சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் இருந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது.

ஓசூர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். அங்கிருந்து தேன்கனிக்கோட்டை வழியாகத் தெற்கே செல்லும் சாலை, காடுகளுக்கிடையே வளைந்து இறங்கி அஞ்செட்டியை அடைகிறது. அங்கிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் செல்லலாம். 2014இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடுகள் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. யானைகள் சாலையைக் கடப்பது இங்கு வழக்கமான காட்சி.

அஞ்செட்டிக்குப் போகும்போது வண்டி இறங்குகிறது, திரும்பும்போது ஏறுகிறது. ராகியோ காய்கறியோ ஏற்றிய சிறு சரக்கு வண்டியும், ஒகேனக்கல் பார்த்துவிட்டு ஆட்களோடு திரும்பும் வாடகைக் காரும் தாழ்ந்த கியரில் மெதுவாகத்தான் ஏற முடியும். அப்போது இன்ஜின் அதிகம் உழைக்கிறது. ஆனால் வேகம் குறைவாக இருப்பதால் ரேடியேட்டர் வழியே செல்லும் காற்றும் குறைகிறது. சமதளத்தில் குறை தெரியாமல் ஓடிய வண்டி மலையேற்றத்தில் கொதிப்பதற்கு இதுவே காரணம். ஓசூரின் குளிர்ந்த காற்று பலவீனமான ரேடியேட்டரை மறைத்து வைக்கிறது. ஏற்றம் அதை வெளிக்காட்டுகிறது.

குளிர்விப்பு அமைப்பு இயங்கும் விதம்

இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. ஏறத்தாழ அதே அளவு வெப்பம் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்விப்பு அமைப்பே வெளியேற்ற வேண்டும். வாட்டர் பம்ப், கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மத்தை இன்ஜினைச் சுற்றிய பாதைகளில் ஓடச் செய்கிறது. சூடான நீர்மம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் செல்கிறது. குழாய்களுக்கிடையே உள்ள தகடுகள் அந்த வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுகின்றன. இன்ஜின் சூடேறும் வரை நீர்மத்தை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் தடுத்து வைப்பது தெர்மோஸ்டாட். வண்டி நிற்கும்போதும் மெதுவாகச் செல்லும்போதும் காற்றை இழுப்பது மின்விசிறி.

இவற்றுள் பலரும் பொருட்படுத்தாத பகுதி ரேடியேட்டர் மூடி. இது வெறும் மூடி அன்று; விசை வில் பொருத்தப்பட்ட அழுத்த வால்வு. நீரின் கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது. கடற்கரையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ஓசூரின் உயரத்தில் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி, அமைப்புக்குள் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி உயர்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். சூடான இன்ஜினில் மூடியைத் திறப்பவரின் முகத்திலும் கையிலும் கொதிநீர் பீறிட்டு அடிப்பதற்கும் இந்த அழுத்தமே காரணம்.

தொடக்க கால வரலாறு

1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் இல்லை. இன்ஜினைச் சுற்றிய நீர் கொதித்து ஆவியாவதன் மூலமே வெப்பம் வெளியேறியது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அவ்வகை வண்டியில் சென்றபோது, வழியெங்கும் நீர் ஊற்ற வேண்டியிருந்தது. உலகின் முதல் நெடுந்தொலைவு மோட்டார் பயணத்திலேயே தண்ணீர்க் கவலையும் உடன் வந்தது.

இதற்குத் தீர்வு கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1901இல் நீஸ் நகரப் போட்டிகளில் வெற்றி பெற்ற 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு அவர் தேன்கூடு வடிவ ரேடியேட்டரை அமைத்தார். அதில் 6 மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள் இருந்தன. காற்றுபடும் பரப்பு பெருகியதால் தேவையான நீரின் அளவு 18 லிட்டரிலிருந்து 9 லிட்டராகக் குறைந்தது. இன்றைய ரேடியேட்டர்களும் இதே கருத்தின் அடிப்படையிலேயே இயங்குகின்றன.

1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில், தொடக்கத்தில் செய்யப்பட்ட சில ஆயிரம் வண்டிகளுக்குப் பின் வாட்டர் பம்ப் நீக்கப்பட்டது. சூடான நீர் தானே மேலெழும், குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும் என்ற இயல்பை நம்பியே அந்தக் கார் ஓடியது. நீர்மட்டம் சற்றுக் குறைந்தாலும் இந்தச் சுழற்சி நின்றுவிடும். ஆகவே அக்கால ஓட்டுநர்கள் நீர்மட்டத்தை அடிக்கடி பார்க்கும் வழக்கத்தைக் கற்றுக்கொண்டனர். பின்னர் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், அழுத்த மூடி ஆகியவை பொதுவாயின. 1920களின் பிற்பகுதியில் எத்திலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்பு நீர்மம் விற்பனைக்கு வந்தது. அது நீரை உறையாமல் காத்ததோடு கொதிநிலையையும் உயர்த்தியது.

தமிழ்நாட்டில் பேருந்தும் பட்டறையும்

தமிழ்நாட்டில் மோட்டார் போக்குவரத்தைப் பரப்பியவை தனியார் பேருந்து நிறுவனங்களே. மதுரையில் 1911இல் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமும், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழிலில் இறங்கிய ஜி. டி. நாயுடுவும் இதில் முன்னோடிகள். பேருந்து நின்றுபோனால் வருமானமும் நின்றுபோகும் என்பதால் இந்நிறுவனங்கள் பழுதுபார்ப்பைத் தம் பட்டறைகளிலேயே வளர்த்தன. உதிரிபாகம் வரும்வரை காத்திராமல், கையில் உள்ளதைக் கொண்டு சரிசெய்யும் திறமை அங்கு உருவானது.

விடுதலைக்குப் பின் நீண்ட காலம் இந்தியச் சாலைகளில் மூன்று கார்களே அதிகம் ஓடின. அவை 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடர், ஃபியட் வழிவந்த பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றின் ரேடியேட்டர்கள் செம்பு, பித்தளையால் ஆனவை. குழாய்களும் தொட்டிகளும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் இணைக்கப்பட்டிருந்தன. அதனால் அவற்றைப் பிரிக்கவும் மீண்டும் சேர்க்கவும் முடிந்தது.

இந்த வசதியால் ஒவ்வொரு ஊரிலும் "ரேடியேட்டர் ஒர்க்ஸ்" என்ற பலகையுடன் சிறு பட்டறைகள் தோன்றின. அங்கு ரேடியேட்டரின் வாய்களை அடைத்துக் காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல, குமிழி வரும் இடமே ஓட்டை. அந்த இடத்தைச் சுரண்டி, அமிலம் தடவி, ஈயம் வைத்து அடைப்பார்கள். குழாய்களில் உப்பு படிந்திருந்தால் மேல்தொட்டியைக் கழற்றி, மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் செலுத்திச் சுத்தம் செய்வார்கள். மீட்க முடியாத குழாயை மட்டும் நசுக்கி மூடிவிட்டு மற்றவற்றைக் கொண்டு வண்டியை ஓடச் செய்வார்கள். பழுது, கூலியாகவே முடிந்தது. புதிய பொருளுக்கான விலையாக மாறவில்லை.

இத்தொழிலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. சூடான ஈயத்தின் புகையையும் தூசியையும் நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களின் இரத்தத்தில் ஈயம் சேர்வது பல நாடுகளில் மருத்துவ ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளது. உரிமையாளருக்குச் செலவு குறைந்ததன் விலையை ஓரளவு பட்டறைத் தொழிலாளியின் உடல் கொடுத்தது.

செம்பிலிருந்து அலுமினியத்துக்கு

1970களில் ஐரோப்பியக் கார்களில் அலுமினிய ரேடியேட்டர்கள் பரவத் தொடங்கின. அலுமினியம் எடை குறைவானது. செம்பைவிட விலையும் குறைவு. தொட்டிகள் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டு, ரப்பர் வளையம் வைத்து, அலுமினிய விளிம்பை மடித்து இறுக்கப்பட்டன. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின் இந்தியாவிலும் புதிய வகைக் கார்களின் காலம் பிறந்தது. குறுக்காக அமர்ந்த இன்ஜின், பெல்ட்டில் சுழலும் விசிறிக்குப் பதில் மின்விசிறி என அமைப்பே மாறியது. 1990களின் தாராளமயத்துக்குப் பின் பிளாஸ்டிக் தொட்டி கொண்ட அலுமினிய ரேடியேட்டரே கார்களில் பொதுவானது.

இந்த மாற்றத்தால் எடை குறைந்தது, எரிபொருள் மிச்சமானது. ஆனால் பழுதுபார்க்கும் முறை மாறிவிட்டது. வெப்பத்தில் பல ஆண்டுகள் சுருங்கி விரிந்த பிளாஸ்டிக் தொட்டி, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புடன் கசியத் தொடங்கும். அதற்கு ஈயம் வைக்க முடியாது. ஒட்டுப்பசை சில நாள்களே தாங்கும். அலுமினியக் குழாயைப் பற்றவைப்பதும் எளிதன்று. ஆகவே ரேடியேட்டரை முழுமையாக மாற்றுவதே நடைமுறையானது. பல பட்டறைகள் பழுதுபார்க்கும் இடமாக இருந்த நிலை மாறி, புதியதை வாங்கிப் பொருத்தும் இடமாயின. லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் ஆகியவற்றின் பழைய ரேடியேட்டர்களை நம்பியே ஈய வேலை தொடர்ந்தது.

இக்காலத்தில் தமிழ்நாட்டுத் தொழில்துறை ஒரு சிறு பொருளின் மூலம் உலகச் சந்தையில் இடம்பிடித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுந்தரம் ஃபாசனர்ஸ், 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இங்கிலாந்து ஆலையில் இருந்த ரேடியேட்டர் மூடி உற்பத்தி இயந்திரங்களை வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த மூடிகளை ஜெனரல் மோட்டார்ஸுக்கே ஏற்றுமதி செய்து, அதன் சிறந்த வழங்குநர் விருதைப் பலமுறை பெற்றது. ஒரு வில்லும் ரப்பர் வளையமும் கொண்ட சிறு மூடியின் தரத்துக்குப் பெரிய நிறுவனம் ஒன்று கொடுத்த மதிப்பை இது காட்டுகிறது.

ஊற்றப்படும் நீர்

ரேடியேட்டரின் ஆயுளை அதற்குள் ஊற்றப்படும் நீர் பெரிதும் தீர்மானிக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் கடும்பாறைப் பகுதிகள். இங்கு ஆழ்துளைக் கிணற்று நீரில் பாறையிலிருந்து கரைந்த உப்புகள் மிகுந்திருக்கும். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட நிலையில், ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்காக 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை தீங்கு செய்பவை முக்கியமாகக் கால்சியம், மக்னீசியம் உப்புகள். நாள்தோறும் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படியும் அதே படிவு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் இன்ஜினின் நீர்ப்பாதைகளிலும் படிகிறது. அது வெப்பத்தைக் கடத்தாது, குழாயையும் அடைக்கும். நீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கிறது. அகன்ற குழாய்கள் கொண்ட பழைய செம்பு ரேடியேட்டர் இந்நீரைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டது. படிந்ததைக் கம்பி விட்டு எடுக்கவும் முடிந்தது. குறுகிய குழாய்கள் கொண்ட அலுமினிய ரேடியேட்டருக்கு அந்தப் பொறுமை இல்லை.

எனவே கூலண்டின் பணி உறையாமல் காப்பது மட்டுமே என்று கருதுவது தவறு. பெரும்பாலான இடங்களில் பனி உறையாத தமிழ்நாட்டில் அதன் முதன்மையான பணி அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் ஆகும். அவசரத்துக்குச் சாலையோரக் குழாய் நீரை ஊற்றுவதில் தவறில்லை. அதை அப்படியே மாதக்கணக்கில் விட்டுவிடுவதே பழுதுக்கு வித்திடுகிறது. வெவ்வேறு வகைக் கூலண்டுகளைக் கலந்தால் கூழ்போன்ற படிவு உண்டாகவும் கூடும்.

சிறு பழுது பெருஞ்செலவாகும் விதம்

பழுதின் தொடக்கம் பெரும்பாலும் எளியது. ஹோஸ் பைப்பில் ஒரு கீறல், மூடியில் தேய்ந்த வளையம், ஓடாத மின்விசிறி, தகடுகளுக்கிடையே அடைந்த சேறு, திறக்காமல் சிக்கிய தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கும். இந்நிலையில் வண்டியை நிறுத்தினால் செலவு சில நூறு ரூபாயில் முடியலாம். ரேடியேட்டரையே மாற்ற வேண்டுமானால் சில ஆயிரம் ஆகும்.

நிறுத்தாமல் ஓட்டினால் அடுத்த கட்டம் தொடங்குகிறது. சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. பல இன்ஜின்களில் அதன் கீழுள்ள பிளாக் வார்ப்பிரும்பு. அலுமினியம் வெப்பத்தில் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். மிகைவெப்பத்தில் ஹெட் வளைகிறது; இரண்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் எரிகிறது. நீர் எண்ணெயுடன் கலக்கிறது. இன்ஜின் ஆயிலை அளக்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால் பால் கலந்த காப்பி நிறம் தெரியும். புகைக்குழாயில் வெண்புகை வரும். இப்போது ஹெட்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்கு அனுப்பிச் சமன்செய்ய வேண்டும். அதையும் கடந்து ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் "இன்ஜின் சீஸ்" என்பது இதைத்தான். பின்னர் போர் வேலையோ வேறு இன்ஜினோ தேவைப்படும். செலவு பல பத்தாயிரங்களைத் தொடும். வாடகை வண்டி வைத்திருப்பவருக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் வாரங்களின் வருமானமும் தவணைத் தொகையும் இதனுடன் சேர்ந்துகொள்ளும்.

வெப்பமானியின் முள் எப்போதும் காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. நீர்மம் முழுவதும் வெளியேறிவிட்டால், உணரியைச் சுற்றி நீர்மம் இல்லாததால் முள் குறைவாகக் காட்டக்கூடும். அஞ்செட்டிச் சாலை போன்ற காட்டுவழியில் மற்றொரு சிக்கலும் உண்டு. யானை நடமாட்டமுள்ள இடத்தில், இரவில், வண்டியை நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆறவிட ஓட்டுநர் தயங்குவது இயல்பு. "ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று எண்ணி ஓட்டும் அந்தச் சில கிலோமீட்டர்களே ஆயிரங்களைப் பத்தாயிரங்களாக்குகின்றன. ஆகவே ஏற்றம் தொடங்கும் முன் ஊரிலேயே, இன்ஜின் குளிர்ந்த நிலையில், நீர்மட்டத்தையும் விசிறியையும் பார்ப்பதே இச்சாலைக்கு ஏற்ற முறையாகும்.

செலவை ஏற்பது யார்

பழுது ஓட்டுநரின் கவனக்குறைவால் வந்ததா, தயாரிப்புக் குறையால் வந்ததா என்ற கேள்வி பல நாடுகளில் நீதிமன்றம் வரை சென்றுள்ளது. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃபிரான்டியர் வண்டிகளில், ரேடியேட்டருக்குள் அமைந்த கியர் ஆயில் குளிர்விப்பான் வெடித்து, கூலண்ட் தானியங்கி கியர்பெட்டிக்குள் புகுந்தது. ரேடியேட்டர் பழுது கியர்பெட்டியையே மாற்றும் செலவானது. நிறுவனம் உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 80,000 மைல் வரை நீட்டித்தது. பின்னர் கூட்டு வழக்கின் தீர்வாக, உரிமையாளரும் ஒரு பகுதியை ஏற்கும் வகையில் 10 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல் வரை அது நீண்டது. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்கூல் என்ற கூலண்ட் குறித்த வழக்கிலும் 2008இல் உரிமையாளர்களுக்கு 50 முதல் 800 டாலர் வரை இழப்பீடு வழங்க உடன்பாடு ஏற்பட்டது. தனித்தனியே முறையிட்டபோது கிடைக்காத தீர்வு, ஒரே பழுதைச் சந்தித்தவர்கள் ஒன்று சேர்ந்தபோது கிடைத்தது.

இந்தியாவில் நிலை வேறு. வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்துக்கே உரியது. தேய்மானமும் இயந்திரப் பழுதும் அதில் சேரா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், குறையுள்ள வாகனங்களைத் திரும்பப்பெற ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. ஆனால் அது பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் பாதிக்கும் குறைகளைப் பற்றியது. உத்தரவாதக் காலத்தில் எழும் தகராறுகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். அங்கும் தேதியிட்ட சர்வீஸ் ரசீதுகளும், எந்தக் கூலண்ட் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவுமே உரிமையாளரின் சான்றுகளாக அமைகின்றன.

இன்றைய நிலை

அஞ்செட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஓசூர், தமிழ்நாட்டின் முதன்மையான வாகனத் தொழில் நகரங்களுள் ஒன்று. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டின் லாரி ஆலையும் டி.வி.எஸ் மொபெட் உற்பத்தியும் அங்கு தொடங்கின. 2021இல் ஏத்தர் நிறுவனத்தின் மின்ஸ்கூட்டர் ஆலை ஓசூரிலும், ஓலா நிறுவனத்தின் ஆலை அதே மாவட்டத்தின் போச்சம்பள்ளியிலும் உற்பத்தியைத் தொடங்கின.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின், பல டீசல் இன்ஜின்களில் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எரியவிடும் அமைப்பும் கூலண்டையே நம்பியுள்ளது. கசியக்கூடிய இடங்கள் கூடின. மின்வண்டிகள் வந்தால் ரேடியேட்டர் மறைந்துவிடும் என்ற கருத்தும் முழுமையாகச் சரியன்று. மின்ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் காற்றிலேயே குளிர்கின்றன. ஆனால் பெரும்பாலான மின்கார்களில் பேட்டரியையும் மோட்டாரையும் குளிர்விக்க கூலண்டும் ரேடியேட்டரும் உண்டு. அங்கு காக்க வேண்டிய பேட்டரி, பழைய இன்ஜினைவிட விலை உயர்ந்தது.

பெர்த்தா பென்ஸ் காலத்தில் நீர் தீர்வது கண்ணெதிரே நடந்தது. அம்பாசடர் ஓட்டுநர் காலையில் மூடியைத் திறந்து நீர் பார்த்த பின்பே வண்டியை எடுத்தார். இன்றைய கார் அந்தப் பழக்கத்தைத் தேவையற்றதாக்கிவிட்டது போலத் தோன்றுகிறது. ரேடியேட்டர் பழுது பெரும்பாலும் திடீரென வருவதில்லை. தரையில் ஒரு பச்சைக் கறை, கூலண்ட் புட்டியில் குறைந்த ஒரு கோடு, வழக்கத்தைவிட நீண்ட நேரம் சுழலும் விசிறி ஆகியவை முன்னரே சொல்லிவிடுகின்றன. தேன்கனிக்கோட்டை ஏற்றத்தில் வண்டி கொதிக்கும்போது வெளிப்படுவது, பல வாரங்களாகக் கவனிக்கப்படாமல் இருந்த அந்த அறிகுறிகளே.